அறிவித்ததை உட்கொள்ளாமை

பந்தயம் முடிந்து வியர்வை உலர்வதற்குள் நீட்டப்படும் படிவத்தைத் தண்ணீர்க்காரர் எப்போதும் ஒரே விதமாகத்தான் கையாள்வார். முதலில் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். பிறகு, ‘கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட வைட்டமின்கள், தாது உப்புகள், இதர ஊக்கச் சத்துகள்’ என்ற தலைப்பின் கீழ் நிற்கும் இருபத்தொரு வெற்று வரிகளையும் ஒன்றுவிடாமல் பார்ப்பார். எதையும் உட்கொள்ளாதவர் ஆகையால் எதையும் எழுதமாட்டார். அடியில் கையெழுத்திட்டு, பேனாவை மூடி, படிவத்தை எழுத்தரம்மாவிடம் இரு கைகளாலும் கொடுத்துவிட்டு மிதிவண்டியைத் துடைக்கப் போய்விடுவார். பதினொரு ஆண்டுகளாக இதில் மாற்றம் இருந்ததில்லை.

அணியில் அவருடைய வேலை வெல்வதன்று. வெல்ல வேண்டியவருக்குத் தண்ணீர் கொண்டுபோவது. பந்தயத்தின் நடுவே பின்தங்கி, அணியின் காரருகே சென்று, எட்டு பாட்டில்களைச் சட்டைக்குள்ளும் முதுகுப் பைகளிலும் செருகிக்கொண்டு, மறுபடியும் கூட்டத்தை எட்டிப்பிடித்து, அணித்தலைவன் முதல் கடைசி ஆள் வரை எல்லார்க்கும் பகிர்ந்தளிப்பார். அதனால் வந்த பெயர்தான் தண்ணீர்க்காரர். நூற்றெண்பது கிலோமீட்டர் பந்தயத்தில் அவர் மட்டும் இருநூறு கிலோமீட்டர் மிதித்திருப்பார் என்பது அவருடைய கால்களைத் தவிர வேறெங்கும் பதிவானதில்லை.

மற்றவர்கள் மாத்திரை டப்பாவோடு வாழ்ந்தார்கள். காலை, முற்பகல், மாலை, இரவு என்று நான்கு அறைகள், வாரத்துக்கு இருபத்தெட்டு. அணிப் பேருந்து மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது உள்ளே கிலுகிலுப்பைக் கடை நகர்வது போலிருக்கும்.

“அண்ணே, எங்க வண்டியெல்லாம் பெட்ரோல்ல ஓடுது. உங்களுது மட்டும் புல்லு தின்னு ஓடுதே, எப்படி?” என்பான் அணித்தலைவன்.

“புல்லு தின்னா குதிரைடா. உன்னைக் குலுக்கினா கிலுகிலுன்னு சத்தம்ல வருது!” என்பார் இவர்.

இந்த விளையாட்டை ஆண்ட கூட்டமைப்பில் இரண்டு குழுக்கள் இருந்தன. வீரர்கள் எதையும் தின்னக் கூடாது என்று பார்த்துக்கொள்வது தூய்மைக் குழு. வீரர்கள் எதையாவது தின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது ஊட்டக் குழு. இரண்டிலும் அதே ஏழு பேர்தாம். காலையில் தோளில் வெள்ளைப் பட்டை அணிந்து கூடுவார்கள்; மதிய உணவுக்குப் பின் பச்சைப் பட்டை. காலையில் கண்டித்தவரை மாலையில் கைகுலுக்கி வாழ்த்துவதில் அவர்களுக்குச் சங்கடமேதும் இருந்ததில்லை; பட்டை வேறல்லவா? இரண்டு குழுக்களுக்கும் தேநீர் வழங்கியது ஒரு வைட்டமின் நிறுவனம். பட்டைகளையும் அதுவே தைத்துக் கொடுத்திருந்தது.

கூட்டக் குறிப்பு எழுதுவதும் பந்தயத்தன்று படிவம் வாங்குவதும் எழுத்தரம்மாவின் வேலை. ஐம்பது வயதை நெருங்கியவர். யாரையும் கடிந்து பேசி அறியாதவர். படிவத்தில் ஒரு வரி வெறுமையாக இருந்தாலும் ‘வெற்றிட விளக்கக் குறிப்பு’ ஒன்றை மூன்று பிரதிகள் இணைத்து, தலைவரின் கையொப்பம் பெற வேண்டும் என்பது விதி. தலைவரோ பெரும்பாலும் விமானத்தில் இருப்பார். தண்ணீர்க்காரரின் படிவம் ஒவ்வொன்றுக்கும் இருபத்தொரு குறிப்புகள், அறுபத்துமூன்று தாள்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மழை கொட்டிய ஒரு பந்தய நாளில், கடைசிப் பேருந்தைப் பிடிக்க நின்ற எழுத்தரம்மா, அந்த வெற்றுப் படிவத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அணி மருத்துவரின் பொதுப் பட்டியல் மேசைமேல் கிடந்தது. அதிலிருந்த பத்தொன்பது பெயர்களையும் வரிசையாக எடுத்தெழுதினார். மிச்சமிருந்த இரண்டு வரிகளில் ஒவ்வொரு வீரரும் தம் சொந்த மாத்திரைகளை எழுதுவது வழக்கம். ஒருவர் தூக்கத்துக்கு, ஒருவர் முடி வளர. பிறருடைய முடியைத் தண்ணீர்க்காரர் தலையில் ஏற்ற எழுத்தரம்மாவின் மனம் ஒப்பவில்லை. பத்தொன்பது பெயர்களை எழுதிய கை அதே ஓசையில் இன்னும் இரண்டைத் தானாகவே எழுதியது: செலிவோரின், மர்பெனால். உலகில் எந்தக் கடையிலும் எந்த உடலிலும் அப்படிப்பட்ட பொருள்கள் இல்லை. பேருந்து கிடைத்தது. அடுத்த பந்தயத்துக்குப் பழைய படிவத்தைப் பார்த்தே எழுதினார். அதற்கடுத்ததற்கும்.

இந்த ஆண்டு பருவத்தின் கடைசிப் பந்தயம் தண்ணீர்க்காரரின் தெரு வழியாகப் போவதாக அறிவித்தார்கள். பந்தயக்காரர்களிடையே எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. பாதை ஒருவருடைய வீட்டு வழியாகப் போனால், கூட்டம் வேகத்தைக் குறைத்து அவரை முன்னே விடும். அவர் எல்லாருக்கும் முன்னதாகத் தம் வாசலை அடைந்து, இறங்கி, வீட்டாரிடம் ஒரு நிமிடம் பேசிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிடத்தை யாரும் திருடமாட்டார்கள்.

அவர் மனைவி சலவைக் கூடமொன்றில் இஸ்திரி போடுபவர். காலை ஆறு மணிக்கு வேலை. பந்தயம் நடக்கும் விடுமுறை நாட்களில் கூடுதல் வேலை. கணவர் பந்தயம் ஓட்டி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“பதினோரு வருஷமா போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன்னு சொல்றீங்க. நீங்க போறதத்தான் பாத்திருக்கேன். வர்றத எங்க பாத்தேன்?” என்றார் மனைவி.

“இந்தத் தடவை பாரு. எல்லாருக்கும் முன்னாடி வருவேன்.”

“நின்னு பேசுவீங்களா, இல்ல ஒரு பாட்டில நீட்டிட்டுப் போயிடுவீங்களா?”

“நின்னு பேசுவேன்மா. ஒரு நிமிஷம் முழுசா.”

“அப்ப லீவு சொல்றேன்” என்றார். அவர் விடுப்புக் கேட்டது அதுவே முதல்முறை. தண்ணீர்க்காரருக்கு முப்பத்தாறு வயது. அடுத்த பருவத்துக்கு அவருடைய உரிமம் புதுப்பிக்கப்படாது. ஆகவே அந்த ஒரு நிமிடம் கிடைத்தால் இப்போதுதான், இல்லையேல் இல்லை.

அந்நாட்களில்தான் வைட்டமின் நிறுவனம் கூட்டமைப்புக்கு ஒப்புநோக்குக் கருவி ஒன்றை அன்பளித்தது. அதுவரை ஆய்வகம் வீரரின் இரத்தத்தில் இருக்கக் கூடாதது இருக்கிறதா என்று மட்டும் தேடி வந்தது. புதிய கருவி, இருக்க வேண்டியது இருக்கிறதா என்றும் பார்த்தது. படிவம் ஒரு பக்கம், இரத்தம் ஒரு பக்கம். முதல் வாரத்திலேயே அது ஒருவரைப் பிடித்தது. அறிவிக்கப்பட்டவை இருபத்தொன்று, காணப்பட்டவை சுழியம்.

கடிதம் வந்தது. குற்றம்: அறிவித்ததை உட்கொள்ளாமை.

மனைவி இருமுறை படித்தார். “தின்னதுக்கு ஆளப் புடிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். தின்னாததுக்குமா?”

“ஏதோ தப்பா அனுப்பிட்டாங்க. போய்ச் சொன்னா சரியாயிடும்” என்றார் அவர். அவர் எதையும் அப்படித்தான் நம்புவார்.

விசாரணை முற்பகலில் நடந்தது; ஆகவே வெள்ளைப் பட்டை. நீண்ட மேசைக்குப் பின்னால் ஏழு பேர். ஓரத்தில் குறிப்பேட்டுடன் எழுத்தரம்மா.

“இந்தப் படிவம் உங்களுடையதா?” என்று கேட்டார் தலைவர்.

“கீழ இருக்கிற கையெழுத்து என்னுதுங்க. மேல இருக்கிறது நான் எழுதலைங்க.”

“அடியில் கையெழுத்து உங்களுடையது என்றால், அதற்கு மேலே உள்ளவை அனைத்தும் உங்களுடையவை. கையெழுத்தின் பொருளே அதுதான்.”

“நான் மாத்திரையே சாப்பிடறதில்லைங்க. வீட்டுச் சாப்பாடுதான்.”

மேசையில் சலசலப்பு எழுந்தது. ஓர் உறுப்பினர் தண்ணீர் குடித்தார். எழுத்தரம்மாவின் பேனா ஒரு வரியின் நடுவில் நின்றது. தண்ணீர்க்காரர் நீட்டப்பட்டிருந்த படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுத்தரம்மா எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் எழுந்து நின்றார்.

“நண்பர்களே, ஒரு கதை சொல்கிறேன். ஒரு காட்டில் நரி ஒன்று வைத்தியம் பார்த்து வந்தது. எல்லா விலங்குகளும் அதனிடம் சூரணம் வாங்கித் தின்றன. ஆமை மட்டும் வாங்கவில்லை. ஆமை முந்நூறு ஆண்டு வாழ்ந்தது. எல்லாரும் ஆமையைப் புகழ்கிறார்கள். அந்த நரியின் நிலையை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? ஒருவர் வெறும் வீட்டுச் சாப்பாட்டில் இருநூறு கிலோமீட்டர் மிதிக்கிறார் என்பது வெளியே தெரிந்தால் இந்த விளையாட்டின் மரியாதை என்ன ஆகும்? நமது ஆய்வகம் எதற்கு? நாம் எதற்கு? நேர்மை என்பது இரத்தமும் காகிதமும் ஒத்துப்போவது. காகிதத்தைத் திருத்த நமக்கு விதி இல்லை. ஆகவே இரத்தத்தைத் திருத்துவோம்!”

ஏழு பேரும் கைதட்டினார்கள். தீர்ப்பு கருணையோடு அமைந்தது. உடனடித் தடை இல்லை. நாற்பது நாள் ‘இணக்கக் காலம்’. அதற்குள் இருபத்தொன்றும் இரத்தத்தில் காணப்பட்டால் கடைசிப் பந்தயத்தில் ஓட்டலாம்; இல்லையேல் உரிமம் ரத்து. ஊட்டத்துக்கான ஆணையில் மதியம், பச்சைப் பட்டையுடன் கையொப்பமிட்டார்கள்.

அணி மருத்துவர் டப்பாவை அவர் கையில் வைத்தார். “இவ்வளவு நாளா நீங்க திங்கறீங்கன்னு நானும் எழுதிட்டு வந்திருக்கேன் தம்பி. எனக்கும் சேர்த்துத் தின்னுடுங்க.”

தண்ணீர்க்காரர் தின்றார். ஒரு நிமிடத்துக்காகத் தின்றார். முதல் வாரம் முகம் சிவந்து காந்தியது. இரண்டாம் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரையே வயிற்றை அடைத்தது. இருபதாம் நாள் எடுத்த இரத்தத்தில் பத்தொன்பது வந்துவிட்டன. இரண்டு வரவில்லை.

“எந்த ரெண்டு?” என்று கேட்டார்.

“செலிவோரின், மர்பெனால். எங்க வாங்கினீங்களோ அங்கயே வாங்குங்க” என்றார் மருத்துவர். தமக்குத் தெரியாத மருந்து என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

ஆறு மருந்துக் கடைகள் ஏறி இறங்கினார். முதல் கடைக்காரர், “அப்படி ஒண்ணு கிடையாதுங்களே” என்றார்; கூட்டமைப்பின் முத்திரையிட்ட கடிதத்தைக் கண்டதும், “ஓ, அதுவா! ஸ்டாக் தீந்துபோச்சு. அடுத்த வாரம் வாங்க” என்றார். மற்ற ஐவரும் கடிதத்தை முதலிலேயே பார்த்ததால் நேரே அடுத்த வாரத்துக்கு வந்துவிட்டார்கள்.

கடைசியில் எழுத்தரம்மாவின் மேசைமுன் போய் நின்றார். “மேடம், இந்த ரெண்டும் எங்க கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

எழுத்தரம்மா உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். உள்ளறையில் தலைவரின் இருமல் கேட்டது. “கேட்டுச் சொல்றேன்” என்றார்.

அன்று மாலை ஊட்டக் குழுவில் அவர் தயங்கித் தயங்கி, “அந்த இரண்டும்... இருக்கிறதா என்று ஐயமாக இருக்கிறது” என்றார்.

“நான்கு ஆண்டுகளாக நம் பதிவேட்டில் இருக்கிறது. இல்லாமல் எப்படி இருக்கும்?” என்று தலைவர் கேட்டார். அவர் பார்வை, தேநீருடன் வந்திருந்த வைட்டமின் நிறுவனப் பிரதிநிதி மேல் போய் நின்றது. பிரதிநிதி ஒரு கணம்தான் திகைத்தார். “இருக்கு சார். தரமா வரட்டும்னு வெளியிடாம வெச்சிருந்தோம்” என்றார். உள்ளே எதை அடைப்பது என்ற பேச்சு வந்தபோது, கிடங்கில் விற்காமல் தேங்கியிருந்த ஆறாம் எண் வைட்டமின் மாத்திரையின் தூளையே பத்து மடங்கு செறிவாக இரண்டிலும் அடைக்கலாம் என்று முடிவாயிற்று. ஒன்றுக்கு ஊதா நிறம், மற்றதற்குத் தங்க நிறம். எழுத்தரம்மா அதைக் குறிப்பேட்டில் எழுதினார். ஒப்புநோக்குக் கருவிக்கும் அந்தப் பெயர்கள் கற்பிக்கப்பட்டன.

பத்து நாளில் இரண்டும் கடைக்கு வந்தன; தண்ணீர்க்காரர் அன்றே தின்னத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து அணித்தலைவனும் தங்க நிறத்தை விழுங்கிவிட்டு, “அண்ணே, தொடையில கரண்ட் பாயுது! இத்தனை வருஷம் இதத்தான் ஒளிச்சு வெச்சுத் தின்னீங்களா? பெரிய கள்ளன்தான் நீங்க!” என்று முதுகில் தட்டினான். தண்ணீர்க்காரருக்கு அந்தத் தட்டு சரியாகத் தெரிந்தது. ஆனால் தம் கால்விரல்கள் செருப்புக்குள் இருக்கின்றனவா என்பது தெரியவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் விரல்நுனிகள் மரத்தன. மனைவி சூடான தேநீர்க் குவளையை நீட்டியபோது, சுடுகிறது என்று உணராமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“கை வெந்துபோகுதுங்க! கீழ வைங்க!” என்று பிடுங்கினார் மனைவி. “போதும். அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்க. நீங்க முன்னாடியும் வர வேண்டாம், பின்னாடியும் வர வேண்டாம்.”

“இன்னும் அஞ்சு நாள்தானே. லீவு சொல்லிட்டியே.”

மருத்துவர் ‘சத்து நரம்பு வரை நன்றாக ஏறுகிறது’ என்று எழுதினார்.

நாற்பதாம் நாள் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. கூட்டமைப்பு ஒரு விழாவே எடுத்தது. தண்ணீர்க்காரருக்கு ‘முன்மாதிரி வீரர்’ என்ற விருதை வழங்கித் தலைவர் பேசினார்: “இவரிடம் நாம் என்ன குறை கண்டோம்? ஒன்றும் இல்லாததே குறையாக இருந்தது. இன்று அந்தக் குறை நீங்கியது!” கைதட்டலுக்கிடையே எழுத்தரம்மா ஏற்புப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். தண்ணீர்க்காரர் பேனாவைப் பிடித்தார், அது நழுவியது. எழுத்தரம்மா மறுபடி எடுத்துக் கொடுத்தார், மறுபடி நழுவியது.

“நீங்களே எழுதிடுங்க மேடம்” என்றார் அவர் தாழ்ந்த குரலில். “உங்க எழுத்துதானே எப்பவும்.”

பேனாவை எடுக்கக் குனிந்த எழுத்தரம்மா நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு... எப்ப தெரியும்?”

“அன்னிக்கு விசாரணையிலயே. நீங்க எழுதிட்டிருந்ததையும் படிவத்தையும் சேர்த்துப் பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா உங்க வேலை போயிடும். எனக்கு எப்படியும் இந்த வருஷத்தோட முடியுது. உங்களுக்கு இன்னும் வருஷம் இருக்கே.”

அப்போதாவது எழுத்தரம்மா பேசியிருக்கலாம். ஒலிபெருக்கி இரண்டடி தூரத்தில் இருந்தது. பேசவில்லை. கையெழுத்தையும் தாமே போட்டுக்கொடுத்தார்.

பந்தய நாள் நல்ல வெயில். வழக்கம் தவறவில்லை. தெருமுனை வந்ததும் கூட்டம் வேகத்தைக் குறைத்தது; அணித்தலைவன் கையை வீசி, “போங்கண்ணே, அண்ணி காத்திருக்காங்க!” என்று கத்தினான். தண்ணீர்க்காரர் தனியாக முன்னே வந்தார். இறக்கமான தெரு. வாசலில் மனைவி, அன்றுதான் இஸ்திரி போட்ட புடவையில். முதன்முறையாகக் கணவர் வருவதைப் பார்த்தார்.

அவர் பிரேக்கைப் பிடித்ததாகத்தான் நினைத்தார். விரல்கள் பிடித்தனவா இல்லையா என்பதைச் சொல்ல விரல்களில் யாருமில்லை. வண்டி வாசலைக் கடந்தது. “நில்லுங்க!” என்ற குரலும் பின்னால் போயிற்று. தெருக்கோடியில் வைட்டமின் நிறுவனம் காற்றடைத்து நிறுத்தியிருந்த இரண்டாள் உயர மாத்திரை ஒன்று இருந்தது. அதன்மேல் போய் மோதினார். அது கிழிந்து, பெருமூச்சு விட்டபடி அவர்மேல் மெல்லப் படிந்தது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது.

மாலையில் தலைவர் அறிக்கை விட்டார்: ‘சொந்த வீட்டையும் பொருட்படுத்தாது விரைந்த வீரரின் ஊக்கம், நமது ஊட்டத் திட்டத்தின் வெற்றிக்குச் சான்று. காற்று மாத்திரைக்கு நேர்ந்த சேதம் வருந்தத்தக்கது.’

மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் எலும்பை விட விரல்களையே நெடுநேரம் பார்த்தார். “என்ன சாப்பிட்டார்? எவ்வளவு? அது தெரியாம நான் எதையும் தொட முடியாது.” நிறுவனத்தைக் கேட்டார், தொழில் இரகசியம் என்றார்கள். கூட்டமைப்பைக் கேட்டார், கோப்பு முத்திரையிடப்பட்டது என்றார்கள். மனைவி காலி டப்பாக்களைக் காட்டினார். அவற்றில் நிறம் மட்டுமே எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் முற்பகல் எழுத்தரம்மா வந்தார். கைப்பையில் கூட்டக் குறிப்பேடு இருந்தது. அதை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோவது வேலைநீக்கத்துக்குரிய குற்றம் என்று அதன் முதல் பக்கத்திலேயே அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தது. பார்க்க வந்திருந்த அணியினர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யாரையும் வெளியே போகச் சொல்லாமல், மருத்துவரின் முன் ஏட்டைப் பிரித்துவைத்துப் படித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய மழை நாளில் தாம் செய்ததைச் சொன்னார். இல்லாத பெயர்கள் இரண்டையும் சொன்னார். ஆறாம் எண் தூளைச் சொன்னார்.

“இந்த அளவுல அது நரம்பைத் தின்னும்” என்றார் மருத்துவர். “இன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்தணும். நிறுத்தினா உணர்ச்சி மெல்லத் திரும்பும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம். முழுசாத் திரும்பாமலும் போகலாம்.” அணித்தலைவன் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டான்.

“அப்ப எனக்கு வந்த அந்தக் கரண்ட்டு?” என்று கேட்டான்.

“அது உங்களோடதுதான் தம்பி” என்றார் எழுத்தரம்மா.

கூட்டமைப்பு அன்று மாலையே, பச்சைப் பட்டை கழற்றப்படுவதற்கு முன், எழுத்தரம்மாவை வேலையிலிருந்து நீக்கியது. காரணம்: களைப்பு, சத்துக் குறைவால் வந்ததாகக் கருதப்பட்டது. ஆணையுடன் இலவச டப்பா ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது.

தண்ணீர்க்காரரை வீட்டுக்கு அனுப்பிய நாளில் எழுத்தரம்மா மறுபடி வந்து, வாசலுக்கு வெளியே நின்றார்.

“உங்ககிட்ட மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லம்மா” என்றார் மனைவியிடம். “நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

உள்ளேயிருந்து தண்ணீர்க்காரர், “அவங்கள விடும்மா, பாவம்” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. நீங்க இப்படி எல்லாரையும் விட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்தோம்” என்ற மனைவி, எழுத்தரம்மாவை மேலும் கீழும் பார்த்தார். “மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். அத வெச்சு நான் என்ன பண்றது? நான் ஆறு மணிக்கு வேலைக்குப் போயிடுவேன். சட்டைக்குப் பொத்தான் போட இவருக்கு விரல் வராது. சாப்பாட்டப் பிசைஞ்சு எடுக்கவும் வராது. அதுக்கு ஒரு ஆள் வேணும்.”

எழுத்தரம்மா தலையசைத்தார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே வந்துவிட்டார். மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனார். எழுத்தரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேல் பொத்தானிலிருந்து தொடங்கினார்.